கீமோவை விட 10,000 மடங்கு என்றால் எதில்? உடல்நலம், பருவநிலைத் தகவல்களை வீட்டிலிருந்தே சரிபார்க்கும் முறை

பெரியம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்து, கீமோ தொடங்க நாளும் குறித்துவிட்டார்கள். அதற்கு நான்கு நாள் முன்னால் சொந்தக்காரர் ஒருவர் பை நிறைய முள் சீத்தாப்பழம் கொண்டுவந்து கொடுத்தார். கூடவே போனில் ஒரு வாட்ஸ்அப் தகவலையும் காட்டினார். கீமோவை விட 10,000 மடங்கு சக்தி, பக்கவிளைவே கிடையாது, மருந்து கம்பெனிகள் மறைத்துவிட்டன என்று அதில் இருந்தது. பெரியம்மா முப்பது வருடம் பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுத்தவர், எதையும் சட்டென்று நம்புகிறவர் இல்லை. ஆனால் முடி கொட்டும், சாப்பாடு இறங்காது என்று பயந்துபோய் உட்கார்ந்திருக்கும் ஒருவரிடம் வந்து பழம் சாப்பிட்டாலே போதும் என்றால், யாராக இருந்தாலும் மனசு அந்தப் பக்கம்தான் போகும். "ரெண்டு மாசம் இதைச் சாப்பிட்டுப் பாக்குறேன், அப்புறம் கீமோ வச்சுக்கலாம்" என்றார்.

நான் மருத்துவம் படித்த ஆள் இல்லை. ஆனாலும் அன்று ராத்திரி உட்கார்ந்து அந்த 10,000 எங்கிருந்து வந்தது என்று தேட ஆரம்பித்தேன். அப்போது தொடங்கிய பழக்கம், இன்றுவரை விடவில்லை. உடல்நலமோ வெயிலோ மழையோ கடல்மட்டமோ, எந்தத் தகவலாக இருந்தாலும் அடிப்படை வேலை ஒன்றுதான்: யார், எதை, எதில் அளந்தார்கள் என்று நாமே போய்ப் பார்ப்பது. அதை எப்படிச் செய்வது என்று எழுதுகிறேன். ஒரு போனும், ஆங்கிலத்தைத் தட்டுத்தடுமாறியாவது படிக்கிற பழக்கமும் இருந்தால் போதும். புரியாத பத்தியை மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டுப் படிக்கலாம்.

முதலில் தகவலைப் பிரித்து எழுதுங்கள்

ஒரு பார்வர்டில் பெரும்பாலும் மூன்று நான்கு விஷயங்கள் ஒட்டிக்கொண்டு வரும். முள் சீத்தா தகவலையே எடுத்துக்கொள்ளுங்கள். புற்றைக் கொல்லும் என்பது ஒன்று, 10,000 மடங்கு என்பது ஒன்று, மறைத்துவிட்டார்கள் என்பது இன்னொன்று. தனித்தனியாக ஒரு தாளில் எழுதினால் எதைச் சரிபார்க்க முடியும், எது வெறும் உணர்ச்சி என்று கண்ணுக்குத் தெரிந்துவிடும். எண் இருக்கிற வரியை முதலில் பிடியுங்கள். எண் என்றால் யாரோ எங்கேயோ அளந்திருக்க வேண்டும், அல்லது யாரோ இட்டுக்கட்டியிருக்க வேண்டும், இரண்டில் ஒன்று.

எண் இல்லாத தகவலை, சோதிக்கக்கூடிய ஒரு கேள்வியாக நாமே மாற்ற வேண்டும். "பாகற்காய் சர்க்கரைக்கு நல்லது" என்பதை அப்படியே வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. "சர்க்கரை நோயாளிகள் தினமும் பாகற்காய்ப் பொடி எடுத்துக்கொண்டால், எடுத்துக்கொள்ளாதவர்களை விட ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி குறைகிறதா?" என்று மாற்றினால் விடை தேடலாம். (தேடினால் கிடைப்பது: 2012-இல் அதுவரை வந்த சோதனைகளையெல்லாம் சேர்த்துப் பார்த்த, காக்ரேன் என்ற அமைப்பின் மதிப்பாய்வு, முடிவு சொல்லப் போதுமான ஆதாரம் இல்லை என்றது. பொரியல் செய்து சாப்பிட எந்தத் தடையும் இல்லை, மாத்திரையை நிறுத்தத்தான் இதில் காரணம் எதுவும் இல்லை.) "உடம்பிலுள்ள நச்சையெல்லாம் வெளியேற்றும்" என்பதை எப்படி மாற்றினாலும் கேள்வியாக மாறாது, ஏனென்றால் எந்த நச்சு, எவ்வளவு, எந்த வழியாக என்று சொன்னவருக்கே தெரியாது. அப்படிப்பட்டதில் நேரம் செலவழிக்க வேண்டாம்.

மூலத்தைத் தேடுவது

தமிழில் தேடினால் அதே பார்வர்டு நாற்பது இடங்களில் நகலாகக் கிடைக்கும், நாற்பது பேர் சொல்கிறார்களே என்று நமக்கே நம்பிக்கை வந்துவிடும். அதனால் முதலில் தாவரத்தின் அறிவியல் பெயரைக் கண்டுபிடியுங்கள், விக்கிப்பீடியாவில் இருக்கும். முள் சீத்தாவுக்கு அன்னோனா மியூரிகேட்டா. அந்தப் பெயரை ஆங்கில எழுத்தில், தகவலில் இருக்கிற வினோதமான எண்ணோடு சேர்த்து, கூகுள் ஸ்காலரிலும் பப்மெட்டிலும் போடுங்கள். பப்மெட் என்பது அமெரிக்க அரசின் மருத்துவ நூலகம் நடத்துகிற இலவசத் தேடல், உலகத்து மருத்துவ ஆய்வுகளில் பெரும்பகுதியின் சுருக்கத்தை அங்கே படித்துவிடலாம்.

எனக்கு அன்று கிடைத்தது 1996-இல் ஜர்னல் ஆஃப் நேச்சுரல் புராடக்ட்ஸ் என்ற இதழில் வந்த ஒரு கட்டுரை, அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எழுதியது. அதன் சுருக்கத்தைப் படித்ததும் தூக்கிவாரிப் போட்டது, 10,000 என்ற எண் அங்கே நிஜமாகவே இருந்தது. ஆனால் எதில்? முள் சீத்தாவின் விதையிலிருந்து பிரித்தெடுத்த ஒரு வேதிப்பொருளை, ஆய்வகத் தட்டில் வளர்த்த பெருங்குடல் புற்று செல்கள்மீது விட்டபோது, அட்ரியாமைசின் என்ற மருந்தை விட 10,000 மடங்கு வீரியமாக இருந்தது என்றுதான் எழுதியிருந்தார்கள். பழத்தில் இல்லை, விதையில். மனிதரில் இல்லை, தட்டில். மார்பகப் புற்றும் இல்லை, பெருங்குடல் புற்று செல். பொய்யான தகவல்களை விட இப்படி உண்மையான ஒரு எண்ணைச் சுற்றிக் கட்டிய தகவல்கள்தான் ஆபத்து என்று நான் நினைக்கிறேன், ஏனென்றால் கொஞ்சம் தேடியவுடன் "எண் சரிதானே" என்று தேடுவதை நிறுத்திவிடத் தோன்றும்.

மறைத்துவிட்டார்கள் என்பதற்கும் அங்கேயே பதில் இருந்தது. அச்சாகி எல்லோருக்கும் கிடைக்கிற கட்டுரை அது.

மறுநாள் அந்தச் சுருக்கத்தைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போய்ப் பெரியம்மாவோடு உட்கார்ந்து வரி வரியாகப் படித்தேன். தப்பு, பொய் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. படித்து முடித்ததும் அவர் கேட்டது ஒரே கேள்வி: "எத்தனை பேருக்குக் குடுத்துப் பாத்தாங்க?" ஒருவருக்கும் இல்லை என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். கீமோ குறித்த நாளிலேயே தொடங்கியது. அவருக்கு எழுதிய மருந்துகளில் ஒன்று டாக்ஸோரூபிசின், அட்ரியாமைசின் என்பது அதன் இன்னொரு பெயர்தான். பழத்தையும் அவ்வப்போது ருசிக்காகச் சாப்பிட்டார், மருத்துவரிடம் சொல்லிவிட்டு.

இதே தேடலில் எதிர்ப்பக்கத் தகவல் ஒன்றும் கண்ணில் பட்டது. கரீபியத் தீவான குவாதலூப்பில் வழக்கத்துக்கு மாறான ஒருவகை பார்க்கின்சன் நோய் அதிகம் இருப்பதைக் கவனித்த ஆய்வாளர்கள், அந்த நோயாளிகள் முள் சீத்தா இனப் பழங்களையும் அதன் இலைக் கஷாயத்தையும் அதிகம் எடுத்துக்கொண்டவர்கள் என்று 1999-இல் லான்செட் இதழில் எழுதினார்கள். பழத்திலுள்ள அன்னோனாசின் என்ற பொருள் நரம்பு செல்களைப் பாதிப்பது பின்னால் ஆய்வகத்தில் தெரிந்தது. இதை வைத்து "முள் சீத்தா தின்றால் பார்க்கின்சன் வரும்" என்று நாம் ஒரு பார்வர்டு தயாரித்தால் அதுவும் தவறுதான். சேர்ந்து காணப்பட்டதைக் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது, தட்டில் நடந்ததை உடம்பில் நடந்ததாகச் சொல்ல முடியாது. தினமும் இலைக் கஷாயம் வைத்துக் குடிக்கிறவரை எச்சரிக்க மட்டும் இது போதும்.

மூலக் கட்டுரை கிடைத்ததும் மறக்காமல் பார்க்க வேண்டிய ஒன்று, அது திரும்பப் பெறப்பட்டதா என்பது. திரும்பப் பெற்ற கட்டுரையாக இருந்தால் பப்மெட்டில் தலைப்புக்குப் பக்கத்திலேயே எச்சரிக்கை இருக்கும். தட்டம்மைத் தடுப்பூசியால் ஆட்டிசம் வரும் என்ற பயத்தைக் கிளப்பிய 1998 லான்செட் கட்டுரை வெறும் 12 குழந்தைகளைப் பற்றியது, 2010-இல் அந்த இதழே அதைத் திரும்பப் பெற்றுவிட்டது. 2019-இல் டென்மார்க்கில் 6,57,461 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து வெளியிட்ட ஆய்வில் தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு தெரியவில்லை. ஆனாலும் 2017-இல் தமிழ்நாட்டில் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி முகாம் நடந்தபோது வாட்ஸ்அப் வதந்திகளால் எத்தனையோ பெற்றோர் தயங்கி நின்றார்கள்.

கொரோனா நேரத்தில் ஹைட்ராக்சிகுளோரோகுயின் என்ற மலேரியா மருந்து விஷயத்தில் இரண்டு பக்கமும் இது நடந்தது. மருந்து வேலை செய்கிறது என்ற 2020 மார்ச் மாதத்துச் சிறிய ஆய்வும் பின்னால் திரும்பப் பெறப்பட்டது, அது ஆபத்து என்ற லான்செட் கட்டுரையும் அந்த ஜூன் மாதமே திரும்பப் பெறப்பட்டது. கடைசியில் விடை சொன்னது பிரிட்டனின் ரெக்கவரி சோதனை: மருந்து கொடுத்தவர்கள் 1,561 பேர், கொடுக்காதவர்கள் 3,155 பேர், இறப்பில் பலன் எதுவும் இல்லை.

தட்டிலா, எலியிலா, மனிதரிலா

பெரியம்மா கேட்ட கேள்விதான் இந்தப் படியின் முழு வேலையும். எத்தனை பேருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள்? ஆய்வகத் தட்டில் இருக்கும் புற்று செல் சோப்புத் தண்ணீர் ஊற்றினாலும் சாகும். உடம்புக்குள் போகும் பொருள் குடலைத் தாண்ட வேண்டும், கல்லீரலைத் தாண்ட வேண்டும், போதுமான அளவில் கட்டியை அடைய வேண்டும், போகிற வழியில் நல்ல செல்களைக் கெடுக்காமல் இருக்க வேண்டும். எலியில் வென்ற பொருட்களிலும் பெரும்பாலானவை மனிதரில் தோற்றுப்போகின்றன.

மனிதரில் தோற்பதோடு நில்லாமல் கெடுதலும் செய்யலாம். கேரட், கீரை, மாம்பழம் சாப்பிடுகிறவர்களுக்கு நுரையீரல் புற்று குறைவாக இருப்பதைப் பார்த்து, அவற்றிலுள்ள பீட்டா கரோட்டினை மாத்திரையாகக் கொடுத்தால் என்ன என்று பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் சோதித்தார்கள். 1994-இல் முடிவு வந்தது. மாத்திரை எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்று 18% அதிகம்! கேரட் குற்றவாளி இல்லை. கேரட் சாப்பிடுகிறவர்கள் வேறு பலவற்றிலும் வித்தியாசமானவர்களாக இருக்கலாம், மாத்திரையிலிருக்கும் அளவும் கேரட்டில் கிடைக்கும் அளவும் வேறு. எனக்கு இந்த ஒரு சோதனை தெரிந்த பிறகு, "இயற்கைதானே, எடுத்துப் பார்ப்பதில் என்ன நஷ்டம்" என்ற வாதத்தைக் கேட்டால் உடனே பதில் சொல்லத் தோன்றுகிறது.

ஒப்பிட யார் இருந்தார்கள்?

நம் ஊரில் இதற்குப் பப்பாளி இலைச் சாறை விடப் பொருத்தமான உதாரணம் கிடையாது. டெங்கு வந்த ஒருவருக்கு ஐந்தாம் நாள் பிளேட்லெட் மளமளவென்று இறங்குகிறது, வீட்டில் சாறு பிழிந்து கொடுக்கிறார்கள், எட்டாம் நாள் எண்ணிக்கை ஏறிவிடுகிறது. பார்த்தவர்கள் அனைவருக்கும் அது கண்கண்ட சாட்சி. ஆனால் டெங்குவில் பிளேட்லெட் சில நாள் இறங்கிவிட்டு, ஒரு வாரம் ஆகும்போது பெரும்பாலோருக்குத் தானாகவே ஏறும். அந்த நேரத்தில் சாறு குடித்தாலும் ஏறும், மோர் குடித்தாலும் ஏறும். சாறுதான் ஏற்றியது என்று சொல்ல, அதே நிலையில் சாறு குடிக்காத இன்னொரு குழு பக்கத்தில் இருக்க வேண்டும், யார் எந்தக் குழு என்பதும் குலுக்கல் முறையில் முடிவாகியிருக்க வேண்டும்.

அப்படிப்பட்ட சோதனையும் நடந்திருக்கிறது. மலேசியாவில் 228 டெங்கு நோயாளிகளை இரண்டாகப் பிரித்துச் செய்தது, 2013-இல் வெளியானது. சாறு குடித்த குழுவுக்குப் பிளேட்லெட் கூடுதலாக ஏறியிருந்தது. ஆக, ஒன்றுமே இல்லாத விஷயம் என்று தள்ளிவிடவும் முடியாது. ஆனால் நாம் கேட்க வேண்டிய அடுத்த கேள்வி இருக்கிறது: அளந்தது நமக்கு வேண்டியதைத்தானா? நமக்கு வேண்டியது ஆள் பிழைப்பது. டெங்குவில் உயிருக்கு ஆபத்து பெரும்பாலும் ரத்தக்குழாய்களிலிருந்து திரவம் கசிந்து ரத்த அழுத்தம் விழுவதால் வருகிறது. அதுவும் பலருக்குக் காய்ச்சல் விடுகிற சமயத்தில் நடக்கிறது. பிளேட்லெட் எண்ணிக்கை ஏறுவதும் இதுவும் ஒன்றல்ல. காய்ச்சல் விட்டது, எண்ணிக்கையும் ஏறுகிறது, சாறு வேலை செய்கிறது என்று வீட்டிலேயே இருந்துவிடுவதுதான் எனக்குப் பயம். கடுமையான வயிற்று வலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், எழ முடியாத சோர்வு, இதில் எது இருந்தாலும் எதையும் சரிபார்த்துக்கொண்டு உட்காராமல் நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

எதோடு ஒப்பிட்டார்கள் என்பதும் இதே போலத்தான். தேங்காய் எண்ணெய் நல்லதா கெட்டதா என்ற சண்டையில் இரண்டு பக்கமும் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். 16 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்து 2020-இல் வந்த ஆய்வில், சூரியகாந்தி போன்ற மற்றத் தாவர எண்ணெய்களோடு ஒப்பிட்டால் தேங்காய் எண்ணெய் கெட்ட கொழுப்பான எல்டிஎல்லை டெசிலிட்டருக்குச் சுமார் 10 மில்லிகிராம் ஏற்றியது, நல்ல கொழுப்பையும் கொஞ்சம் ஏற்றியது. விஷம் என்பதும் அமிர்தம் என்பதும் இதிலிருந்து வராது. கொழுப்பு ஏற்கனவே அதிகம் உள்ளவர் தினசரிச் சமையலுக்கு வேறு எண்ணெய் பார்க்கலாம் என்பது வரும்.

சிலவற்றுக்கு ஆய்வுக் கட்டுரையே தேவையில்லை. கருப்பட்டி போட்டால் சர்க்கரை ஏறாது என்கிறார்களா, வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால் ஒரு நாள் வெறும் காபி, இன்னொரு நாள் அதே நேரத்தில் கருப்பட்டிக் காபி, இரண்டு நாளும் குடிப்பதற்கு முன்னும் ஒரு மணி நேரம் கழித்தும் குத்திப் பாருங்கள். கருப்பட்டியில் பெரும்பங்கு சுக்ரோஸ்தான், வெள்ளைச் சர்க்கரையில் இருக்கும் அதே பொருள்.

சதவீதத்தைப் பார்த்தால் நிறுத்துங்கள்

2015-இல் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை, பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் சேர்த்தது. தினமும் 50 கிராம் சாப்பிட்டால் பெருங்குடல் புற்று 18% கூடும் என்றது. அந்தப் பிரிவில் சிகரெட்டும் இருப்பதால் "சாசேஜ் சிகரெட்டுக்குச் சமம்" என்ற தலைப்புகள் பறந்தன. இரண்டு இடத்தில் தவறு இருக்கிறது. 18% என்பது எதில் 18% என்று கேட்க வேண்டும். பிரிட்டனில் வாழ்நாளில் ஏறத்தாழ 100 பேரில் 6 பேருக்குப் பெருங்குடல் புற்று வருகிறது, அது 18% கூடினால் 7 பேர். 100 பேர் வாழ்நாள் முழுக்கத் தினமும் சாப்பிட்டால் கூடுதலாக ஒருவர். அந்த ஒருவரும் முக்கியம்தான், ஆனால் 18 பேர் இல்லை. ஆரம்ப எண் தெரியாத சதவீதத்தை வைத்துப் பயப்படவும் வேண்டாம், நிம்மதியும் அடைய வேண்டாம்.

இரண்டாவது, அந்த முகமையின் பிரிவுகள் ஆதாரம் எவ்வளவு உறுதி என்பதைச் சொல்கின்றன, ஆபத்து எவ்வளவு பெரியது என்பதை அல்ல. 2023-இல் அஸ்பார்டேம் என்ற செயற்கை இனிப்பைப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்பு இருக்கலாம் என்ற 2-பி பிரிவில் போட்டார்கள், உடனே ஒரே கலவரம். செல்போன் கதிர்வீச்சும் கற்றாழை முழு இலைச் சாறும் அதே பிரிவில்தான் இருக்கின்றன. அதே நாளில் உலக சுகாதார அமைப்பின் இன்னொரு குழு, அஸ்பார்டேம் உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 40 மில்லிகிராம் வரை தினமும் எடுக்கலாம் என்ற பழைய வரம்பை மாற்றவில்லை என்று அறிவித்ததும் தலைப்பில் வரவே இல்லை.

ஒரு ஆய்வா, மொத்த ஆய்வுகளுமா

2015-இல் ஒரு பத்திரிகையாளர், சாக்லேட் சாப்பிட்டால் எடை வேகமாகக் குறையும் என்று வேண்டுமென்றே ஒரு மட்டமான ஆய்வு செய்தார். ஜான் போஹனன் என்பவர். 15 பேர், ஆளுக்கு 18 விஷயங்கள் அளக்கப்பட்டன: எடை, கொழுப்பு, தூக்கம், இப்படி. ஒவ்வொன்றும் தற்செயலாகப் பலன் காட்ட இருபதில் ஒரு வாய்ப்பு என்று வைத்தால், 18-இல் ஏதாவது ஒன்று பலன் காட்ட 60% வாய்ப்பு இருக்கிறது, போட்டுப் பாருங்கள். பலன் காட்டியதை மட்டும் எழுதி, 600 யூரோ கட்டி ஒரு இதழில் வெளியிட்டார். பல நாடுகளில் செய்தியாக வந்துவிட்டது. எதை அளக்கப் போகிறோம் என்று முன்கூட்டியே பதிவு செய்தார்களா என்று பார்க்கச் சொல்வது இதனால்தான். இந்தியாவில் நடக்கும் மருத்துவச் சோதனைகளுக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நடத்தும் பதிவேடு இருக்கிறது, 2009 ஜூனிலிருந்து பதிவு கட்டாயம். யாரும் இலவசமாகத் தேடலாம்.

ஒரே ஒரு ஆய்வைக் காட்டி வரும் எதையும் நான் இப்போது முடிவாக எடுத்துக்கொள்வதில்லை. காக்ரேன் என்ற அமைப்பு ஒரு கேள்விக்கு வந்த எல்லாச் சோதனைகளையும் தேடிச் சேர்த்து, மட்டமானதைக் கழித்து, மீதி என்ன சொல்கிறது என்று எழுதுகிறது. அவர்களின் தெற்காசிய மையம் அமைந்தது நம் வேலூர் சி.எம்.சி.-யில்தான். பல மதிப்பாய்வுகளின் எளிய சுருக்கம் தமிழிலேயே கிடைக்கிறது, இதைத் தெரிந்துகொண்ட அன்று எனக்கு உண்டான சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. சளிக்கு வைட்டமின் சி பற்றிப் பாருங்கள்: தினமும் எடுத்தால் பொதுமக்களுக்குச் சளி வருவது குறையவில்லை. வந்த சளி பெரியவர்களுக்கு 8% வேகமாகச் சரியாகிறது, பத்து நாள் சளி ஒன்பது நாளில் போகிற மாதிரி. சளி பிடித்த பிறகு ஆரம்பித்தால் நிச்சயமான பலன் இல்லை. மாரத்தான் ஓடுபவர்கள் போலக் கடுமையாக உடலை வருத்துகிறவர்களுக்கு மட்டும் சளி வருவதே பாதியாகக் குறைந்தது. இப்படி வளைவு நெளிவோடு வரும் பதில்தான் பெரும்பாலும் சரியான பதில்.

பருவநிலைத் தகவல்களுக்கு வருவோம்

இங்கே இரண்டு பூமியை வைத்துக் குலுக்கல் முறையில் சோதிக்க முடியாது. அதனால் வேறு வேறு வழியில் எடுத்த அளவீடுகள் ஒரே திசையைக் காட்டுகின்றனவா என்று பார்க்கிறோம். நல்ல விஷயம், பாதித் தகவல்களைப் பள்ளிக் கணக்கிலேயே முடித்துவிடலாம்.

ஒவ்வொரு வருடமும் சுற்றில் வரும் அஃபீலியன் (பூமி சூரியனிடமிருந்து மிகத் தொலைவில் இருக்கும் நிலை) தகவல் ஞாபகம் இருக்கிறதா? பூமி சூரியனை விட்டு வெகுதூரம் போகப்போகிறது, 9 கோடி கி.மீ. தூரம் 15.2 கோடியாகிவிடும், ஆகஸ்ட் வரை குளிரும், சளி இருமல் வரும், கஷாயம் குடியுங்கள். 15.2 கோடி சரி. 9 கோடி தவறு. பூமி சூரியனுக்கு மிக அருகில் வரும்போதே தூரம் 14.7 கோடி கி.மீ., வித்தியாசம் மூன்று சதவீதத்தை ஒட்டித்தான். அந்த மிக அருகில் வரும் நாள் எது தெரியுமா, ஜனவரி தொடக்கம். மார்கழிக் குளிரில் கோலம் போடுகிற நேரத்தில்தான் சூரியன் நமக்கு மிகப் பக்கத்தில் இருக்கிறது. குளிரையும் வெயிலையும் முடிவு செய்வது பூமியின் அச்சுச் சாய்வு.

மனிதர்களை விட எரிமலைகள்தான் அதிகக் கார்பன் டை ஆக்சைடு விடுகின்றன என்பது இன்னொன்று. நிலக்கரி, எண்ணெய், எரிவாயு, சிமென்ட் மூலம் நாம் வருடத்துக்கு விடுவது சுமார் 3,700 கோடி டன். எரிமலைகளின் மதிப்பீடு 50 கோடி டன்னுக்கும் கீழே, நூற்றில் இரண்டு பங்குகூட இல்லை. இதைக் கணக்கு இல்லாமலும் சரிபார்க்க ஒரு அழகான வழி இருக்கிறது. செடிகொடிகள் கார்பன்-13 என்ற வகையைக் குறைவாக எடுத்துக்கொள்கின்றன, அவற்றிலிருந்து உருவான நிலக்கரியிலும் எண்ணெயிலும் அது குறைவு, எரிமலை வாயுவில் அப்படிக் குறைவு இல்லை. காற்றில் கார்பன் டை ஆக்சைடு கூடக்கூட கார்பன்-13-இன் பங்கு குறைந்துகொண்டே வருகிறது. வந்த இடத்தைக் காற்றே சொல்கிறது. ஹவாயின் மௌனா லோவாவில் 1958-இல் அளக்கத் தொடங்கியபோது பத்து லட்சத்தில் 315 பங்காக இருந்த கார்பன் டை ஆக்சைடு இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது.

வரைபடம் காட்டினால் தொடக்க ஆண்டைப் பாருங்கள். "1998-க்குப் பிறகு வெப்பம் ஏறவில்லை" என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1998 கடுமையான எல் நினோ (பசிபிக் கடல் வழக்கத்தை விடச் சூடாகி உலக வெப்பத்தையும் ஏற்றும் நிகழ்வு) ஆண்டு, அந்த உச்சியில் கோட்டை ஆரம்பித்தால் அடுத்த சில வருடம் தட்டையாகத்தான் தெரியும். 1970-இலிருந்து வரையச் சொல்லுங்கள். 2024 முடிய பதிவான மிக வெப்பமான பத்து ஆண்டுகளும் 2015 முதல் 2024 வரையிலான பத்து ஆண்டுகள்தான் என்று உலக வானிலை அமைப்பு சொல்லியிருக்கிறது. சூரியன்தான் காரணம் என்பவருக்கும் பதில் இருக்கிறது: செயற்கைக்கோள்கள் 1970-களின் கடைசியிலிருந்து சூரிய ஒளியை அளக்கின்றன, அதில் ஏறுமுகம் இல்லை. தரையை ஒட்டிய காற்று சூடாகும்போது மேலடுக்கான ஸ்ட்ரேட்டோஸ்பியர் குளிர்கிறது, சூரியன் காரணமாக இருந்தால் இரண்டும் சூடாகியிருக்கும்.

பருவநிலை மாற்றத்துக்கான ஐ.நா. குழுவின் அறிக்கைகளைப் படிக்கும்போது ஒரு சாவி தெரிந்திருக்க வேண்டும். அவர்கள் போடும் "வாய்ப்புள்ளது" என்ற சொல்லுக்குக் குறைந்தது 66% என்று பொருள், "மிக வாய்ப்புள்ளது" என்றால் 90%, "ஏறத்தாழ நிச்சயம்" என்றால் 99%. செய்தியாக மாறும்போது இந்தச் சொற்கள்தான் முதலில் காணாமல் போகின்றன.

நமக்குப் பிடித்த தகவலையும் விடாதீர்கள்

இது எனக்கே கஷ்டமான பகுதி. பருவநிலை மாற்றம் நிஜம், அவசரம் என்று நம்புகிறவன் நான், அதனாலேயே அந்தப் பக்கத்துத் தகவல்களைத் தடவிப் பார்க்காமல் பகிர்ந்த காலமும் உண்டு. 2015 டிசம்பர் 1 அன்று தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. கொட்டியது. பருவநிலை மாற்றம்தான் காரணம் என்று நான் எத்தனையோ பேரிடம் அடித்துப் பேசியிருக்கிறேன். அந்த மழையைத் தனியாக எடுத்து ஆராய்ந்து 2016-இல் வந்த ஆய்வு, புவி வெப்பமயமாதலின் தாக்கம் அதில் தெரியவில்லை என்றது. வெப்ப வாயுக்களின் விளைவைப் புகையும் தூசும் எதிர்த்திசையில் ஈடுகட்டியிருக்கலாம் என்று காரணமும் சொன்னது. இதே முறையில் ஆராய்ந்தபோது 2023 ஏப்ரலில் இந்தியாவையும் வங்கதேசத்தையும் வாட்டிய புழுக்கமான வெயிலுக்கான வாய்ப்பைப் பருவநிலை மாற்றம் குறைந்தது 30 மடங்கு கூட்டியிருந்தது. 2024 ஜூலையில் வயநாட்டு நிலச்சரிவுக்குக் காரணமான மழை பருவநிலை மாற்றத்தால் சுமார் 10% கூடுதலாக இருந்தது. ஒவ்வொரு நிகழ்வுக்கும் தனி விடை. இல்லை என்று வந்த விடையை நான் ஏற்றுக்கொண்டால்தான், 30 மடங்கு என்று வந்த விடையை அடுத்தவர் ஏற்க வேண்டும் என்று கேட்க எனக்கு உரிமை இருக்கும்.

2007 ஐ.நா. குழு அறிக்கையில் இமயமலைப் பனிப்பாறைகள் 2035-க்குள் காணாமல் போகலாம் என்று ஒரு வரி இருந்தது. தவறு என்று பனிப்பாறை ஆய்வாளர்களே பிடித்தார்கள், 2010 ஜனவரியில் குழு அதை ஒப்புக்கொண்டது. இன்றும் அந்த 2035 சுற்றுகிறது. 2023-இல் காத்மாண்டுவின் மலை வளர்ச்சி ஆய்வு மையம் சொன்னது, 2011 முதல் 2020 வரை பனிப்பாறைகள் முந்தைய பத்தாண்டை விட 65% வேகமாக உருகின என்று. உண்மையே போதுமான அளவுக்குக் கவலை தருகிறது, தவறான வருடத்தைச் சேர்க்கத் தேவையில்லை.

"2050-இல் மும்பை, சென்னை மூழ்கிவிடும்" என்ற தலைப்புகளும் அப்படித்தான். 2019-இல் வந்த அந்த ஆய்வு சொன்னது, 2050-இல் உலகில் சுமார் 30 கோடிப் பேர் வாழும் நிலம், சராசரியாக வருடத்துக்கு ஒருமுறை வரும் கடல் வெள்ளத்தின் மட்டத்துக்குக் கீழே இருக்கும் என்று. கரைச் சுவர்களைக் கணக்கில் எடுக்கவில்லை என்றும் சொன்னது. வருடத்துக்கு ஒருமுறை வெள்ளம் வருவதும் நகரமே மூழ்குவதும் ஒன்றா? காசிமேட்டிலோ எண்ணூரிலோ கடலோரம் குடியிருப்பவருக்கு முதலாவதே பெரிய விஷயம், அவருக்குத் தேவையானது சரியான விவரம்.

குடும்பக் குரூப்பில் எப்படிச் சொல்வது

எல்லாவற்றையும் சரிபார்க்க முடியாது. ஒருவர் மருந்தை நிறுத்தப் போகிறாரா, தடுப்பூசியைத் தள்ளிப்போடப் போகிறாரா, பணம் கட்டப் போகிறாரா, அதற்குத்தான் நான் ராத்திரி உட்காருவேன். மற்றவை காத்திருக்கட்டும். பகிர்ந்தவரைக் குரூப்பில் வைத்துத் திருத்த வேண்டாம், அவர் அக்கறையால்தான் அனுப்பினார். தனியாகப் போன் செய்து பேசிவிட்டு, சரியான விவரத்தை அவரையே குரூப்பில் போடச் சொன்னால் இன்னும் நல்லது. எங்கள் மாமா போன ஜூலையில் அப்படிப் போட்டது:

"நான் நேத்து அனுப்புன அஃபீலியன் மெசேஜ்ல 9 கோடின்னு இருக்குறது தப்பு, 14.7 கோடிதான் சரி. தூரத்துல பெருசா வித்தியாசம் இல்ல, அதனால குளிரும் வராது. மழைக்காலம், கொசு இருக்கு, தொட்டியை மூடி வையுங்க. யாருக்காவது காய்ச்சல்னா கஷாயத்தோட நிறுத்தாம டாக்டர்கிட்ட காட்டுங்க."